அஃப்ஷீன் அடுக்கிய ஆறு அடுக்கு

புது போர்டு எது கைக்கு வந்தாலும் அஃப்ஷீன் முதலில் செய்வது ஒன்றுதான். அதைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, நான்கு மூலைகளையும் ஆட்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். 'டக்' என்று சத்தம் வந்தால் அந்த மூலை மேசையைத் தொடவில்லை, போர்டு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். சத்தம் வராவிட்டால்தான் மற்ற சோதனையெல்லாம்.

அவர் வேலை செய்யும் கம்பெனி அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி, மண்ணூர்பேட்டையில் ஒரு தெருமுனைக் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. கீழே லேத் பட்டறை. மாடியில், பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் வார்மர் தயாராகிறது. குழந்தையின் தோலில் ஒட்டியிருக்கும் சின்ன சென்சார் உடம்புச் சூட்டைச் சொல்லும். அதைக் கேட்டு மேலே இருக்கும் ஹீட்டர் ஏறும், இறங்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து முடிவெடுக்கும் பச்சை நிற போர்டை வரைவது அஃப்ஷீன். அதற்கு மூளையாக இருக்கும் புரோகிராமை எழுதுவது வித்யா. டிசைன் பிரிவு என்றால் இவர்கள் இரண்டு பேர்தான்; அவர்களுக்கு இரண்டு மேசை, ஒரு ஜன்னல்.

பார்ப்பவர்களுக்கு போர்டு என்பது ஒற்றைப் பலகை. உள்ளே அப்படியில்லை. செப்புத் தகடு, பிசின் தோய்த்த கண்ணாடி நார்த் துணி, மறுபடி செப்பு, மறுபடி துணி என்று மாற்றி மாற்றி அடுக்கி, சூட்டில் வைத்து ப்ரெஸ்ஸில் நசுக்கி ஒன்றாக்கிய பண்டம் அது. எந்தத் தகட்டில் சிக்னல் ஓடும், எது முழுக்க, போன கரண்டு திரும்பி வரும் கிரவுண்டு, எது கரண்டு கொடுக்கும் பவர், எதன்மேல் எது, நடுவில் எவ்வளவு கனத்தில் துணி - இந்த வரிசைக்குப் பெயர்தான் ஸ்டேக்கப். கோடு ஒன்றுகூட வரைவதற்கு முன்பே இதை முடிவு செய்தாக வேண்டும். பிறகு மாற்ற நினைத்தால் வீடு கட்டியபின் அஸ்திவாரத்தைத் தோண்டுகிற கதைதான்.

பேட்டையில் பெரும்பாலானோர் இதற்கு மெனக்கெடுவதில்லை. போர்டு அடித்துக் கொடுக்கும் ஃபேக்டரிக்கு ஆர்டர் அனுப்பும்போது ஸ்டேக்கப் என்ற இடத்தில் 'பழையபடியே' என்று எழுதிவிடுவார்கள். போன தடவை எப்படியோ அப்படியே. அஃப்ஷீன் அந்த வார்த்தையை ஒரு தடவைகூட எழுதியதில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்கே போய்விடுவார். பிசின் துணியைக் கெடாமல் வைத்திருக்கும் குளிர் அறையில் இப்போது என்ன கனத்தில் எது இருக்கிறது, எது வரப்போகிறது, எது தீரப்போகிறது என்று கேட்டுக்கொண்டு வந்த பிறகுதான் வரிசையையே யோசிப்பார். இல்லாத சரக்கை மனதில் வைத்து வரைந்தால் ஃபேக்டரிக்காரர்கள் கையிலிருப்பதைப் போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள்; பிறகு குறை சொல்லிப் பயனில்லை.

இந்தப் புத்தி காலேஜில் வந்ததல்ல. பூந்தமல்லி பஸ் நிலையத்தின் பக்கம் பை, சூட்கேஸ் கடை வைத்திருந்த ஷவுகத் அலியின் மகள் அவர். எலெக்ட்ரானிக்ஸ் படித்து முடித்ததும் முதல் வேலை ஒரு சர்வீஸ் சென்டரில் கிடைத்தது. செத்துப்போன போர்டுகளை அறுத்துப் பார்த்து எதனால் செத்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போய்க்கொண்டிருந்தபோது அஃப்ஷீன் போர்டின் வெட்டு முகத்தை லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்ததில் பாதிக்கு மேல் காரணம் ஒன்றுதான்: வரிசையை யாரும் யோசிக்கவில்லை.

கல்யாணமும் அதே பாடத்தைத்தான் நடத்தியது. கணவர் முதஸ்ஸிருக்குக் குமணன்சாவடியில் பிளைவுட் கடை. கல்யாணத்துக்கு முன்தினம் அவசர அவசரமாக அவர் செய்து மாட்டிய பீரோ கதவு இன்னும் வீட்டில் இருக்கிறது. முன்பக்கம் அழகான மைக்கா ஒட்டியிருக்கிறது, பின்பக்கம் வெறும் பலகை. ஒரு மழைக்காலம் போதுமானதாக இருந்தது. கதவு வில்லாக வளைந்து, இப்போது ஒரு அட்டையை மடித்துச் செருகினால்தான் மூடுகிறது.

"ஊருக்கெல்லாம் ரெண்டு பக்கமும் மைக்கா ஒட்டுங்கன்னு சொல்றீங்க. நம்ம ஊட்டுக் கதவ மட்டும் பாருங்க" என்பார் அஃப்ஷீன்.

"அது உனக்குப் பாடம் சொல்றதுக்குன்னே வெச்சிருக்கேன். போர்டு டிசைன் பண்றவளுக்கு வாத்தியார் வாணாமா?" என்பார் முதஸ்ஸிர்.

மேலே எதுவோ கீழேயும் அது. இல்லாவிட்டால் வளையும். பிளைவுட்டுக்கும் போர்டுக்கும் ஒரே சட்டம்.

வார்மரின் முதல் போர்டு நான்கு அடுக்கு. இரைச்சல் சோதனைக்கூடத்தில் அது தோற்றது. ஹீட்டர் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் போர்டிலிருந்து மின் இரைச்சல் கசிந்தது. வார்மருக்குப் பக்கத்தில் இன்னொரு குழந்தையின் இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர் இருந்தால் அது தடுமாறும். இப்படி ஒரு கருவியை எந்த ஆஸ்பத்திரியும் உள்ளே விடாது. விடவும் கூடாது.

கம்பெனி முதலாளி தங்கராஜ் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். மோட்டார் சுற்றும் தொழிலில் ஆரம்பித்து மேலே வந்தவர். எதிலும் ஒரு நட்டு குறைத்தால் என்ன என்று கேட்கும் பழக்கம் அவருக்கு உண்டு.

"ஏம்மா, ஆறு அடுக்கா? ஊரே நாலுலதான பண்ணுது?"

"சார், நீங்க தினமும் பூந்தமல்லி ரோட்லதானே வர்றீங்க? மெட்ரோ வேலைக்குன்னு யூ-டர்ன மூடினதுக்கப்புறம், எதிர்ல இருக்கற டீக்கடைக்குப் போக எவ்ளோ தூரம் சுத்துறீங்க?"

"அதை ஏன் கேக்குற. கரையான்சாவடி வரைக்கும் போயில்ல திரும்பணும்."

"போற வழியில ஹாரன் அடிக்கறீங்களா?"

"நான் மட்டுமா? எல்லாப் பயலும்தான்."

"போர்டுலயும் அதான் சார் நடக்குது. போன சிக்னல் திரும்பி வந்தாகணும். காலடியிலயே கிரவுண்டு இருந்தா அப்படியே சத்தமில்லாம திரும்பிடும். இல்லன்னா வழி தேடிச் சுத்தும். சுத்துற வழியெல்லாம் ஹாரன். லேப்ல கிராஃப்ல முட்டிக்கிட்டு நின்னது அந்த ஹாரன்தான். ஆறு அடுக்குல எல்லா சிக்னல் அடுக்குக்கும் பக்கத்துலயே ஒரு கிரவுண்டு வெச்சிடலாம்."

தங்கராஜ் சுவர்க் காலண்டரில் ஒரு தேதியைத் தொட்டுக் காட்டினார்.

"சரி, ஆறு போட்டுக்க. ஆனா லேப்ல தேதி வாங்கியாச்சு. அந்தத் தேதிக்கு போர்டு வரலைன்னாலும் சரி, வந்து மறுபடி புட்டுக்கிச்சுன்னாலும் சரி, வெளிய ரெடியா விக்கிற போர்ட வாங்கி மாட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் இந்த ரெண்டு மேசையும் எனக்கு எதுக்கு?"

கோபத்தில் சொன்னதல்ல. கணக்காகச் சொன்னார். அதனால்தான் அஃப்ஷீனும் வித்யாவும் அதை அப்படியே நம்பினார்கள்.

அஃப்ஷீன் வழக்கம்போல ஃபேக்டரிக்குப் போய் சரக்கைக் கேட்டுவிட்டு வந்தார். வரிசையை முடிவு செய்தார். மேலே சிக்னல், அதன் கீழே கிரவுண்டு, அடுத்து இன்னொரு சிக்னல், பிறகு பவர், மறுபடி கிரவுண்டு, கடைசியில் சிக்னல். சென்சாரிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை மூன்றாவது அடுக்கில், தகடுகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தார். மேலே துணி எவ்வளவு கனமோ கீழேயும் அவ்வளவே. வீட்டுக் கதவை நினைத்துக்கொண்டுதான் செய்தார். ஆர்டர் போயிற்று. அடுத்து ஆயுத பூஜை விடுமுறை.

ஆயுத பூஜைக்கு அம்பத்தூர் பேட்டையைப் பார்க்க வேண்டும். கேட்டுக்குக் கேட்டு வாழைக்கன்று, மெஷினுக்கு மெஷின் சந்தனப் பொட்டு, வாசலில் உடைந்த பூசணிக்காய். அன்றைக்கு எந்த மெஷினிலும் வேலை பாதியில் நிற்கக் கூடாது; காலி செய்து, கழுவித் துடைத்து, பூ வைத்துத்தான் கும்பிடுவார்கள். ஃபேக்டரியிலிருந்து வருஷாவருஷம் வரும் பொரிகடலைப் பொட்டலம் இந்தத் தடவையும் அஃப்ஷீன் வீட்டுக்கு வந்தது. முதஸ்ஸிர் கடலையைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் பொரியை மட்டும் மிச்சம் வைத்தார்.

விடுமுறை முடிந்த காலை, திருவேற்காடு நெரிசலில் ஸ்கூட்டர் ஊர்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. ஓரங்கட்டி எடுத்தார்.

"மேடம், நான் ப்ரெஸ் பூங்காவனம் பேசறேன். ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"உங்க போர்டு அப்பளம் கணக்கா வந்துகீது. ட்ரில்லிங் டேபிள்ல போட்டா ஒக்கார மாட்டேங்குது. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

அயனம்பாக்கம் வழியாக ஃபேக்டரி போய்ச் சேரும்வரை அஃப்ஷீன் மனதுக்குள் தன் ஸ்டேக்கப்பைத்தான் மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டே போனார். சந்தேகத்தை முதலில் தன்மேல் போடுவது சர்வீஸ் சென்டரில் பிடித்த பழக்கம். தப்பு ஸ்டேக்கப்பில் இருந்தால் போர்டு முழுவதையும் திரும்ப வரைய வேண்டும். லேப் தேதி போய்விடும். தேதியோடு மேசைகளும் போய்விடும். ப்ரெஸ்ஸில் இருந்தால் புதிதாக அடுக்கி அடித்துவிடலாம், நேரம் இருக்கிறது. ஆக, வளைந்தது எதனால் என்ற ஒரே கேள்வியில் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஃபேக்டரி மேனேஜர் ஜெகதீஷ் வாசலிலேயே காத்திருந்தார். அவருக்கு விடை ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"ஸ்டேக்கப் உங்களோடது மேடம். நீங்க எழுதிக் குடுத்தத அப்படியே அடுக்கினோம். எல்லாரும் மாதிரி பழையபடியேன்னு போட்டிருந்தா இந்த வம்பே இல்ல."

பூங்காவனம் ஐம்பது தாண்டிய மனிதர், அந்த ப்ரெஸ்ஸோடு வாழ்பவர். மேனேஜரின் பேச்சு அவருக்குச் சங்கடமாக இருந்தது. சமாதானத்துக்கு வழி சொன்னார்.

"வுடுங்க சார். மேடம், இத ஓவன்ல போட்டு மேல வெயிட்டு வெச்சா, துணிக்கு இஸ்திரி போட்ட மாரி நிமிந்துக்கும். எடுத்துக்கினு போயிடுங்க."

"நிமிந்துக்கும்ணே. போர்டு மேல சில்லு ஒட்டறதுக்கு மறுபடி சூட்டுக்குள்ள போவுமே, அப்ப?"

பூங்காவனம் தலையைச் சொறிந்தார். "அப்ப பழைய குணம் வந்துடும்."

அந்த வழியில் போயிருந்தால் அன்றைக்குத் தப்பித்திருக்கலாம். ஜெகதீஷுக்கும் நிம்மதி, தங்கராஜுக்கும் சொல்ல ஒரு நல்ல சேதி. அஃப்ஷீன் அதை இரண்டாவது முறை யோசிக்கக்கூட இல்லை.

"அண்ணே, ப்ரெஸ்ல ஒண்ணுமேல ஒண்ணா வெச்ச போர்டெல்லாம் எடுத்த வரிசை கலையாம இருக்கா?"

"தோ, தள்ளுவண்டியில அப்படியே கீது. லீவுல யார் தொடப்போறாங்க? ஒரே ஒரு பீஸ ட்ரில்லிங்காரன் எடுத்துப் பாத்துட்டுத் திரும்ப மேலயே வெச்சிட்டான்."

தள்ளுவண்டிக்கும் பூஜை நடந்திருந்தது. கைப்பிடியில் வாடிய சாமந்திச் சரம். மேலே இருந்த போர்டின் ஓரத்தில் யாரோ மறக்காமல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். வைத்த பொட்டு அழியவில்லை. அடுக்கு கலையவில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மட்டம் பார்க்கும் பெரிய கல் மேசையில் ஒவ்வொரு போர்டாக, ப்ரெஸ்ஸில் இருந்த வரிசையிலேயே பரப்பச் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே முகம் மேலே இருக்கும்படி. பிறகு தன் ஆட்காட்டி விரலை எடுத்தார்.

முதல் போர்டு. டக். டக். நான்கு மூலையும் மேலே தூக்கிக்கொண்டு தட்டுபோல நின்றது. அடுத்ததும் அப்படியே, கொஞ்சம் குறைவாக. நடு வரிசைக்கு வர வரச் சத்தம் தேய்ந்தது. நடுவில் இருந்தவை ஏறக்குறைய தட்டை. அதைத் தாண்டியதும் கதை திரும்பியது. மூலைகள் மேசையைத் தொட்டன, வயிறு எழும்பியது. கடைசிப் போர்டு கவிழ்த்த தட்டு.

"ஜெகதீஷ், எல்லாத்தையும் ஒரே முகமாத்தானே அடுக்கினீங்க?"

"ஆமா மேடம், எப்பவும் அப்படித்தான்."

"ஸ்டேக்கப் கோணல்னா எல்லா போர்டும் ஒரே பக்கமா வளையணும். இங்க மேல இருந்ததெல்லாம் ஒரு பக்கம், கீழ இருந்ததெல்லாம் எதிர்ப்பக்கம். நடுவுல இருந்தது தட்டை. மொத்தக் கட்டோட வெளிப்பக்கம் சட்டுனு ஆறியிருக்கு, உள்பக்கம் சூடாவே இருந்திருக்கு. ப்ரெஸ் முழுசா ஆறறதுக்கு முன்னாடி திறந்தாச்சு, அவ்ளோதான்."

யார் திறந்தது என்று அவர் கேட்கவில்லை. பூங்காவனத்தின் பக்கம் திரும்பவும் இல்லை. கேட்கும் தேவை இருக்கவில்லை. பூங்காவனமே முன்னால் வந்தார்.

"நான்தான் மேடம். பூஜைக்கு மொத நாளு. உள்ள சரக்கு கீறப்ப எப்புடி ப்ரெஸ்ஸக் கழுவிப் பொட்டு வெக்கிறது? மேஸ்திரிங்கல்லாம் இன்னாபா இன்னும் முடியலையான்னு நின்னுகினு கீறாங்க. கையில சாக்கு சுத்திக்கினு எடுத்துட்டேன். ஆறிப்போச்சுன்னுதான் நெனச்சேன்."

ஜெகதீஷின் முகம் சிவந்தது. "பூங்காவனம், இன்னா வேலை பாத்துவெச்சிருக்கீங்க! கஸ்டமர்கிட்ட ஸ்டேக்கப் தப்புன்னு..."

"இருங்க ஜெகதீஷ்" என்று அஃப்ஷீன் குறுக்கிட்டார். "இன்னும் முடியல."

நடு வரிசையின் தட்டையான போர்டுகளை மறுபடி தட்டினார். மிக மெல்லிய சத்தம். கேட்கும் காதுக்குத்தான் கேட்கும். அவை எல்லாமே இம்மியளவு ஒரே பக்கமாக வளைந்திருந்தன.

"இது ப்ரெஸ் இல்ல. இது நான்."

துணியின் கனத்தைக் கதவை நினைத்து மேலும் கீழும் சமமாக வைத்திருந்தார். ஆனால் செப்பு? மேலிருந்து மூன்றாவது அடுக்கில் சென்சார் சிக்னல் மட்டும் ஓடியதால் சில கோடுகளைத் தவிர மற்ற இடமெல்லாம் வெறுமை. அதற்கு ஜோடியான நான்காவது அடுக்கோ பவர், முழுக்கச் செப்பு. முன்பக்கம் மைக்கா, பின்பக்கம் வெறும் பலகை. தினமும் காலையில் அட்டை செருகி மூடும் கதவை அவர் போர்டின் வயிற்றுக்குள்ளேயே வைத்துவிட்டிருந்தார்.

"அளவுக்குள்ளதான இருக்கு மேடம்" என்றார் ஜெகதீஷ், ஆச்சரியத்தோடு. "நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

"இப்ப அளவுக்குள்ள இருக்கு. சில்லு ஒட்ட மேல் பக்கத்துக்கு ஒரு தடவை, கீழ் பக்கத்துக்கு ஒரு தடவைன்னு சூட்டுக்குள்ள போயிட்டு வந்தப்புறமும் இருக்கும்னு யார் சொன்னது? எப்படியும் புதுசா அடிக்கத்தான் போறோம். சரி பண்ணியே அடிச்சிடலாம்."

ஜெகதீஷின் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. தன் பங்கைத் தானே எடுத்து மேசையில் வைப்பவரின் முன்னால் அடுத்தவர் பங்கைப் பற்றிக் கத்துவது கஷ்டம்தான்.

தங்கராஜுக்கு அங்கிருந்தே போன் போட்டார்.

"யார் தப்பும்மா?"

"ரெண்டு பக்கமும் இருக்கு சார். நம்ம பங்கு சின்னது. சரி பண்ணிட்டிருக்கேன்."

"தேதி?"

"மாறாது சார்."

"மாறுச்சுன்னா?"

"நீங்க சொன்னது சொன்னதுதான் சார்."

ஃபேக்டரியின் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து மூன்றாவது அடுக்கின் வெற்றிடங்களைச் செப்பால் நிரப்பினார். சும்மா நிரப்பினால் அந்தச் செப்பே இரைச்சலைப் பிடித்துப் பரப்பும். அங்கங்கே துளைபோட்டுக் கிரவுண்டோடு கட்டினார். சென்சார் கோட்டுக்கு இரண்டு பக்கமும் போதுமான இடைவெளி விட்டார். வித்யா மண்ணூர்பேட்டையிலிருந்து அதே வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, "அக்கா, இடது ஓரத்துல ஒரு செப்புத் தீவு கிரவுண்டோட சேராம தனியா நிக்குது பாருங்க" என்று போனில் பிடித்துக் கொடுத்தார்.

புது அடுக்கு ப்ரெஸ்ஸுக்குள் போனபோது பூங்காவனம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். ப்ரெஸ்ஸின் கதவில் சாக்பீஸால் பெரிதாக 'ஆறட்டும்' என்று எழுதியிருந்தார். அடுத்த ஆர்டரை எடுத்துக்கொண்டு வந்தவரிடம், "இன்னா அவுசரம் அண்ணாத்தே? படிக்கத் தெரியுமில்ல? படி" என்றார்.

வந்த போர்டுகளை அஃப்ஷீன் கல் மேசையில் வைத்துத் தட்டினார். ஒரு மூலையும் பேசவில்லை. பூங்காவனமும் தன் தடித்த விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

சில்லுகள் ஒட்டி இரண்டு சூட்டையும் தாண்டி வந்த பிறகும் போர்டுகள் தட்டையாகவே இருந்தன.

லேப் தேதியன்று தங்கராஜும் கூடவே வந்தார். சுவர் முழுக்க நுரைக் கூம்புகள் ஒட்டிய பெரிய அறை. அதன் நடுவில் ஒரு மேசையில் வார்மர், எதிரே கொம்பு கொம்பாக ஆன்டெனா. வெளியே திரையில் சிவப்புக் கோடு ஒன்று; அதைத் தாண்டினால் தோல்வி. போன தடவை ஹீட்டர் ஏறியதுமே இரைச்சலைக் காட்டும் பச்சைக் கோடு சிவப்பை முட்டித் தள்ளிக்கொண்டு நின்றது. வித்யா அஃப்ஷீனின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டார். ஹீட்டர் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. பச்சைக் கோடு கீழேயே, புல்தரைபோல, அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தங்கராஜ் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "என்னம்மா, ஒரு ஹாரன் சத்தத்தையும் காணோம்?"

"யூ-டர்ன திறந்துவிட்டாச்சு சார்."

அவர் சிரித்தார். மேசைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது காரில், குறைமாதக் குழந்தைகளுக்கு மூடிய இன்குபேட்டர் ஒன்று செய்தால் என்ன என்று பேச ஆரம்பித்தார். அதற்கு என்ன போர்டு வேண்டும், அதற்கும் ஆறு அடுக்கா என்று கேட்டார். அதுவே பதிலாக இருந்தது.

"தெரியலையே சார். கேட்டுட்டு வந்துதான் சொல்ல முடியும்."

மறுநாள் காலை அஃப்ஷீனின் ஸ்கூட்டர் மண்ணூர்பேட்டைக்குப் போகும் முன் ஃபேக்டரி வாசலில் நின்றது. லேப்பில் வாங்கிய கிராஃபைப் பூங்காவனத்திடம் நீட்டினார். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது இன்னா மேடம், யாரு ஈசிஜி?"

"நம்ம போர்டோடதுண்ணே."

"பொழச்சிக்கிச்சா?"

"பொழச்சிக்கிச்சு."

பூங்காவனம் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்த அஃப்ஷீன் விட்டுவிட்டார். கம்பெனியில் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

"சரிண்ணே, குளிர் ரூம் சாவி யார்கிட்ட இருக்கு? உள்ள என்ன சரக்கு இருக்குன்னு பாக்கணும்."